மழை வந்தால் இறுகும் ஜன்னல்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி, காத்து கருப்பு எதையும் ஐம்பத்தேழு வயது வரை ஒரு பொருட்டாகவே மதிக்காதவன் நான். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை, முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஓர் இயந்திரம் சத்தம் போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். துருப்பிடித்திருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும், எங்காவது ஒரு நட்டு தளர்ந்திருக்கும். காரணம் கிடைக்கவில்லை என்றால் தேடுகிறவன் ஒழுங்காகத் தேடவில்லை என்றுதான் அர்த்தம். கூட வேலை செய்கிறவர்கள் ராத்திரி ஷிப்டில் எதையோ பார்த்துவிட்டேன் என்று முகம் வெளுத்து வந்து நின்றால், போய்த் தூங்கு என்று விரட்டிய ஆள் நான். அந்த ஆள்தான் இப்போது ஒரு ஜன்னலைப் பற்றி உங்களிடம் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே லிம் என்று ஒரு சீனர் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். மாடிக்கு ஏறத் தெருவிலேயே தனிக்கதவு, உள்ளே செங்குத்தான மரப்படி. அந்தக் கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவியை நான் இருபத்தேழு வருடம் சட்டைப்பையில் வைத்ததே இல்லை.

கல்யாணமான முதல் மாதம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டாவது சாவியை எடுத்துப் பையில் போட்டேன். என் மனைவி பவானி கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சாவி கொண்டு போய்ட்டா, சாயங்காலம் நான் எதுக்குங்க காத்துக்கிட்டு இருக்கணும்?" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன், தெருப்பக்க ஜன்னல் வெளியே தள்ளித் திறக்கும், அவள் முகம் தெரியும், சாவிப்பை கீழே வரும். சிவப்பு வெல்வெட் பை, அவளுடைய தாலிச் சங்கிலி வாங்கியபோது நகைக்கடையில் கொடுத்தது. காற்றில் தள்ளிப்போகாமல் நேராக விழுவதற்காக அதற்குள் சாவியோடு ஒரு பெரிய நட்டையும் போட்டு வைத்திருந்தாள், நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. நான் அதைக் கையில் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் தெருவோரச் சாக்கடைக்குள் போகும், அவள் மேலே நின்று சிரிப்பாள், எதிர்க் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் சிரிப்பார்கள். மகள் கலை பிறந்த பிறகும் இதே கதைதான். அவள் பெரியவளாகி, "ஒரு சாவி கொண்டு போக முடியாதா உங்களுக்கு, என்னப்பா இது" என்று கேட்டபோதும் இதே கதைதான். பவானி எங்கேயாவது வெளியே போனால் பையை லிம்மிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் வீட்டில் இருக்கிற நாளில் சாவி ஜன்னல் வழியாகத்தான் வரும்.

இனி அந்த ஜன்னல். இரண்டு மரக்கதவுகள், சாய்வாகப் பலகைகள் அடித்தது, வெளிப்பக்கம் தள்ளித் திறப்பது. பலகை இடுக்கு வழியாக உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரு முழுக்கத் தெரியும், தெருவில் இருக்கிறவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பினாங்கில் தீபாவளி நல்ல மழைக்காலத்தில் வரும். நம் ஆட்களுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அந்த ஒரு வாரத்தை விட்டால் வேறு நாளே கிடையாது. மழையில் ஊறி உப்பிப்போன மரத்தின் மேல் வருடா வருடம் பெயிண்டைப் பூசுவோம். பழசைச் சுரண்ட வேண்டும், காய்ந்த மாதத்தில் ஓரத்தை இழைப்புளியால் கொஞ்சம் இழைத்துவிட வேண்டும், கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா, இதே மாதிரி வேலையைத்தானே துறைமுகத்தில் நாள் முழுக்கச் செய்கிறேன். ஆனால் வீட்டில் செய்ததில்லை. ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் நீலம், அப்புறம் கிரீம் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போனேன். வெயில் நாளில் ஜன்னல் திறக்கும். மழை வந்தால் இறுகிக்கொள்ளும். பவானி இரண்டு உள்ளங்கையையும் நடுவில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளுவாள். மூன்று தள்ளு தள்ளினால் திறக்கும். புது ஜன்னல் போடலாம் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நானும் பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை. காலையில் நான் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இன்னைக்கு மழ வரும் போலருக்குங்க. இந்தத் தடவ பெயிண்ட் ரொம்பத் தடிப்பா போயிருச்சு, நேத்தே தெறக்க முடியல. ஓரத்த மட்டும் கொஞ்சம் சுரண்டி விட்டுட்டுப் போங்களேன், அஞ்சு நிமிஷம்தான்."

"புதுப் பெயிண்ட, இப்பதான் அடிச்சேன், அத சுரண்டச் சொல்ற. எல்லாம் தெறக்கும் லா, நீ ஒழுங்கா தள்ளு."

"தெறக்கலன்னா என்னையக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை என்று சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சாயங்காலம் கொட்டு கொட்டென்று மழை. ஆறரைக்கு வந்து ஹாரன் அடித்தேன். லிம்முக்குத் திங்கட்கிழமை விடுமுறை, கடை மூடியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் ஆடியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. திறக்கவில்லை. அப்புறம் ஆடுவதும் நின்றுவிட்டது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். காலையில் சொன்னதை நிரூபிக்கிறதற்காக லேசாக ஆட்டிக் காட்டிவிட்டு நிற்கிறாள், நான் நனையட்டும் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நீ எப்போது இறங்கி வந்து திறக்கிறாயோ அப்போது வருகிறேன் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்க் கோப்பிக்கடைக்குப் போய்விட்டேன். அவளுக்கு முழங்கால் வலி, அந்தப் படியில் இறங்க அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். ரொட்டி சானாய் சாப்பிட்டேன், தேத்தண்ணி குடித்தேன், பக்கத்து மேசைக்காரரோடு பந்தாட்டம் பற்றிப் பேசினேன். நாற்பது நிமிடம்.

திரும்பி வந்து ஹாரன் அடித்தபோது ஜன்னல் ஆடவே இல்லை. கைப்பேசியில் கூப்பிட்டேன், மேலே மணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கோப்பிக்கடையில் ஏணி வாங்கி ஜன்னலில் சாய்த்து ஏறி, மோட்டார்ப் பெட்டியில் இருந்த திருப்புளியை ஓரத்தில் விட்டு நெம்பினேன். புதுப் பெயிண்ட் பிளந்துகொண்டு கதவு திறந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பவானி ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் கிடந்தாள். சாவிப்பை கையில் இருந்தது.

மாரடைப்பு என்றார்கள். அடைப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள், நீங்கள் உடனே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஜன்னல் மூன்று தடவை ஆடியதைப் பார்த்தவன் நான், அவர் இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எப்படிப் போயின என்று என்னைக் கேட்காதீர்கள். கலை கோலாலம்பூரில் வேலை செய்கிறாள், வாரம் தவறாமல் கூப்பிட்டு வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். "அப்ப அந்த ஜன்னலையாவது மாத்துங்கப்பா, அதுக்குக் கீழ படுத்துத் தூங்குறீங்க, எனக்கு இங்க தூக்கம் வர்ல" என்றாள். சரி என்றேன். அவள் அம்மா உயிரோடு இருந்து கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய சரி.

எங்கள் தெருக்கோடியில் ஜன்னல் கடை வைத்திருக்கிற காசிம் வந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சு அதிகம், வேலை சுத்தம். பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராக இருக்காது என்று சொல்லி, அகலத்தை மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் அளந்து அதில் எது குறைவோ அதைத்தான் எழுதிக்கொண்டார். மரத்திலேயே போடலாம், நல்ல செங்கால் மரம் நூறு வருடம் நிற்கும், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும் என்றார். பராமரிக்கிற லட்சணத்தைத்தான் ஊரே பார்த்துவிட்டதே. அலுமினியம் என்று முடிவானது. ஊருக்குள், பழைய கட்டடங்களைக் காக்கிற பாரம்பரிய வட்டாரமாக இருந்திருந்தால் முன்பக்க ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற விட்டிருக்க மாட்டார்கள், எங்கள் தெரு அதற்கு வெளியே.

"தள்ளித் தெறக்கறதா போடவா, நகத்தித் தெறக்கறதா போடவா அண்ணே?" என்று காசிம் கேட்டார்.

"நகத்துறதே போடுங்க. தள்ளுற ஜன்னல் இனிமே இந்த வீட்ல வேணாம்."

அந்த ஒரு வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. தள்ளு என்கிற சொல்லையே கேட்கப் பிடிக்காமல்தான் சொன்னேன்.

அடுத்த ஆகஸ்டில் வேலை முடிந்தது. பழைய சட்டத்தைப் பெயர்த்தபோது காசிம் அதன் ஓரத்தை என்னிடம் காட்டினார். வெட்டுப்பட்ட இடத்தில் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தது, கிரீம், நீலம், பச்சை, மறுபடி நீலம், என் விரல் கனம் இருந்தது. நான் பார்க்க முடியாமல் சமையலறைப் பக்கம் போய்விட்டேன். புது ஜன்னலில் இரண்டு கண்ணாடி, பக்கவாட்டில் நகர்த்துவது. கண்ணாடிக்கு வெளியே, கொசுவுக்காகத் தனிப் பள்ளத்தில் ஒரு வலை, அதுவும் நகரும். பள்ளத்தை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், தண்ணீர் வடிகிற ஓட்டையில் அழுக்கு சேர விடக்கூடாது, எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும் என்றெல்லாம் காசிம் வகுப்பு எடுத்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஞாயிறு தவறாமல் துணியோடு உட்கார்ந்துவிடுவேன். சாவிப்பையை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன். நான் இப்போது இரண்டாவது சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

செப்டம்பரில் மழை பிடித்தது. முதல் பெருமழைக்கு மறுநாள் காலை ஜன்னலைத் துடைக்கும்போது பார்த்தேன். வலை வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. நடுவில், பக்கம் பக்கமாக இரண்டு இடத்தில். சரி, சரியாக இழுத்துக் கட்டவில்லை என்று காசிமைக் கூப்பிட்டேன், அவர் ஆட்களைத் திட்டிவிட்டுப் புது வலை போட்டார். அடுத்த மழை, அதே இரண்டு புடைப்பு. மூன்றாவது தடவை காசிமுக்கே கோபம் வந்து, திருடன் கத்தியால் வெட்டினாலும் கிழியாத எஃகு வலை ஒன்றைக் கொண்டுவந்து அதே நகரும் சட்டத்தில் நாலு பக்கமும் திருகி இறுக்கிவிட்டுப் போனார்.

அதிலும் வந்தது. ஆழம் குறைவு, ஆனால் இரண்டு குழி தெளிவாக இருந்தது. எஃகு பாருங்கள், ஒரு தடவை வளைந்தால் அப்படியே நிற்கும்.

நான் காரணம் தேடினேன். காற்று என்றால் வெளியிலிருந்து உள்ளே தள்ளும், இது உள்ளிருந்து வெளியே. பூனை என்றால் கண்ணாடி சாத்தியிருக்கிறது, கொண்டி போட்டிருக்கிறது. கண்ணாடி நடுவில் இருக்கும்போது உள்ளே இருக்கிற எதுவும் வெளியே இருக்கிற வலையைத் தொட முடியாது, நீங்கள் எத்தனை படித்தவராக இருந்தாலும் சரி, எப்படித் தொடும் என்று எனக்குச் சொல்லுங்கள். காசிம் அந்தக் குழியில் தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"என் கைவிட சின்னதா இருக்குண்ணே," என்றார். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து லிம் என்னை நிறுத்தி மலாயில் கேட்டார், மழை பெய்கிற சாயங்காலம் உன் வீட்டில் யார் ஜன்னலை இடிக்கிறது, நீ வருவதற்குள் நின்றுவிடுகிறது, மகள் வந்திருக்கிறாளா என்று. நான் அந்த மாதம் வேலை அதிகம் என்று ஏழரைக்குத்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆமாம், மகள்தான் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மழைநாளில் விடுப்பு போட்டு வீட்டிலேயே இருந்தேன். நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே போட்டு ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போடவில்லை, வெளியில் வெளிச்சம் இருந்தது. ஆறரை ஆனது, ஒன்றும் இல்லை. ஆறு முப்பத்தைந்து ஆனது. எனக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, எழுந்து தேத்தண்ணி போடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போது கீழே லிம் கடைக்கு மீன் வாங்க வந்த யாரோ ஒருவர் மோட்டாரில் இருந்தபடியே ஹாரன் அடித்தார். இரண்டு தடவை.

வலை அசைந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கண்ணாடி அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஃகு வலை அந்த இரண்டு இடத்திலும் மெல்ல வெளியே போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது. சட்டத்தில் டொம் என்று ஒரு சத்தம். மூன்றாவது தடவை முழுப் பாரத்தையும் கொடுத்தது போலப் போய் நின்றது. பிறகு நின்றுவிட்டது. அன்றைக்கு நான் கீழேயிருந்து பார்த்த அதே மூன்று, அதே இடைவெளி.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவள் இந்த ஜன்னலைப் பார்த்ததே இல்லை. இது நகர்த்துகிற ஜன்னல் என்று அவளுக்கு யார் சொன்னது? தனக்குத் தெரிந்தபடிதான் செய்கிறாள், தள்ளுகிறாள். ஒழுங்கா தள்ளு என்று கடைசியாகச் சொன்னது நான்தானே.

நான் எழுந்து போய்க் கொண்டியை எடுத்துக் கண்ணாடியை நகர்த்தினேன்.

"தள்ளாதம்மா," என்றேன். "இது தள்ளுறது இல்ல. இப்புடிப் பக்கவாட்ல நகத்தணும். பாரு, ஒரு வெரல் போதும். ஒனக்குக் கஷ்டமே இல்ல." நகர்த்திக் காட்டினேன், மூடினேன், மறுபடி நகர்த்திக் காட்டினேன். கீழே மீன் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், தனியாகப் பேசுகிற கிழவன் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாளும் மழை வரும் போலிருந்தது. காலையில் சட்டைப்பையிலிருந்து என் சாவியை எடுத்து லிம்மிடம் கொடுத்தேன். சாவிப்பை மேலே ஆணியில் இருந்தது, கண்ணாடி சாத்திக் கொண்டி போட்டிருந்தது, இரண்டையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். சாயங்காலம் சரியாக ஆறரைக்கு வந்து ஹாரன் அடித்தேன். நல்ல மழை. கீழே ஜன்னலுக்கு நேராக, சாக்கடை ஓரத்தில் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். கோப்பிக்கடையிலிருந்து யாரோ உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். ஒன்றும் விழவில்லை.

லிம்மிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். கொண்டி எடுத்திருந்தது. கண்ணாடி ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. ஆணி காலியாக இருந்தது. சாவிப்பை ஜன்னல் விளிம்பில், எஃகு வலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, மழையில் நனைந்து கறுப்புச் சிவப்பாக இருந்தது. வலையில் அந்தக் குழிகள் புதிதாக இன்னும் ஆழமாகியிருந்தன.

வலையும் நகரும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும்தான் காட்டினேன். இந்தத் தடவையும் பாதி வேலைதான் செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது, அந்த விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருந்தேனோ தெரியாது.

மறுநாளே காசிமைக் கூப்பிட்டு வலையைக் கழற்றிவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, கழற்றி எடுத்துக்கொண்டு போனார், ஆனால் அதை வேறு எந்த வீட்டிலும் போடவில்லை, கடைக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருக்கிறார். கொசு வருகிறது. டெங்கி வந்துவிடும் என்று கலை கத்துகிறாள், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவள் அம்மா விழுந்து கிடந்தபோது நான் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதையே இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வேலை முடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வலையைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மழை வருகிற நாளெல்லாம் சாவியை லிம்மிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், ஆறரைக்கு வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறேன், நிற்கிறேன். மேலே போனால் கண்ணாடி ஒரு கையளவு திறந்திருக்கும், விளிம்பு நனைந்திருக்கும். பை ஆணியில் இருக்காது, விளிம்பின் கடைசியில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இருந்தது. நட்டு போட்ட பை, லேசாகத் தொட்டாலே விழுந்துவிடும். இப்போது பெயிண்ட் இல்லை, வலை இல்லை, தடுக்கிறதற்கு எதுவுமே இல்லை. ஆனால் ஒரு தடவைகூடப் போடவில்லை.

காரணம் கிடைக்காவிட்டால் சரியாகத் தேடவில்லை என்று சொன்னேன் இல்லையா, தேடிவிட்டேன். பழைய ஜன்னலில் பலகை இடுக்கு வழியாகத் தெரு முழுக்கத் தெரியும் என்று முன்பே சொன்னேன். அன்றைக்கு அவள் மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டு அந்த இடுக்கு வழியாகத்தான் பார்த்திருப்பாள், நான் முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனதை. கடைசியாக அவள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். இப்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை போகிறேனா நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். அதனால் எவ்வளவு மழையானாலும் நான் அந்தத் தெருவைத் தாண்டுவதில்லை.